பென்ட்லோ வீட்டுப் படகு

கருவடிக்குப்பம் சந்திரமோகன் இருபத்தாறு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். இடையில் தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தார். ஊரே கேலி பண்ணியது. மில்லை மூடிவிட்டார்கள்; இரண்டு வருஷம் வீட்டில் சும்மா கிடந்து மனம் வெறுத்தபோது, அந்தப் படிப்புதான் கைகொடுத்தது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அவர்களுடைய பூர்வீகத்தைத் தேடிக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. அந்த ஊர்ச் சர்ச் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பிறப்பு, கல்யாணம், சாவு என்று பெயர்களைக் கோர்க்க வேண்டும்.

முதல் வாரமே கூத்து. பெயரோடு ஒட்டி வருவது அப்பா பெயர்தானே என்று நினைத்து, ஒரு கிராமத்தில் பதினெட்டுப் பேருக்கு ஒரே அப்பனை எழுதி வைத்துவிட்டார் மனுஷன். அவர் மனைவி செல்வாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா வீட்டில் குடும்பத்துக்கே ஒரு பெயர் இல்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று அவள்தான் புரிய வைத்தாள்.

ஆறு மாதத்தில் ஆள் கெட்டிக்காரராகிவிட்டார். அப்போதுதான் எண்பத்து நாலு வயது பென்ட்லோ வாடிக்கையாளராக வந்து சேர்ந்தார். அவருடைய மாவட்ட வரலாற்றுப் புத்தகத்தில் பென்ட்லோ என்றொரு பங்களாக் குடும்பம் இருந்தது. தன் முப்பாட்டன் வில்லியம் அந்த வீட்டுப் பிள்ளை என்று நிரூபிக்க வேண்டுமாம். தாத்தா விட்டுப்போன பொம்மைப் படகு என்று ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார்.

பதிவேட்டில் ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு வில்லியம். பங்களா வில்லியம் மூன்று வயதில் இறந்துபோனது சாவுப் பக்கத்தில் தெளிவாக இருந்தது. இன்னொருவனுக்கு ஒரே வரி: 'வில்லியம், தாமஸ் பென்ட்லோ மகன், தறிக்காரர்.' சந்திரமோகன் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தார். இரண்டு முனையிலும் இரும்புப் பூண், நடுவில் குழி, பக்கத்தில் நூல் வர ஓட்டை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மேற்பார்வை பார்க்கிற சிவசங்கரிக்குக் கவலை. போன மாதம் ஒரே ஒரு புகாருக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சார், பங்களாவோடவே சேத்துடுங்க. பெரியவரு சந்தோஷப்படுவாரு."

"அது படகு இல்லம்மா, நாடா. தறியில ஊடை நூலோட ஓடறது. இவரு தறிக்கார வீட்டுப் புள்ள. அதை மறைச்சிட்டு நான் எப்படிம்மா சாப்பிடறது?"

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். வீரமாக அனுப்பிவிட்டாரே தவிர, பத்து நாளும் பதில் வந்ததா என்று கம்ப்யூட்டரைத் திறந்து திறந்து பார்த்தார். மறுபடியும் வீட்டில் முடங்க வேண்டுமோ என்று சோறு இறங்கவில்லை.

பதினொன்றாம் நாள் பதில் வந்தது. சின்ன வயதில் அந்தப் படகைத் தொட்டித் தண்ணீரில் விட்டு விளையாடியதாகவும், ஒரு தடவைகூட ஒழுங்காக மிதந்ததில்லை என்றும், காரணம் இன்றுதான் புரிந்தது என்றும் பென்ட்லோ எழுதியிருந்தார். பங்களாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நாடாவைக் கையில் எப்படிப் பிடிப்பது என்று மட்டும் கேட்டிருந்தார்.

மில் மூடிய அன்று எடுத்து வந்த நாடா பீரோவில் இருந்தது. சந்திரமோகன் அதைப் பிடித்துக் காட்ட, செல்வாம்பாள் போனில் படம் எடுத்தாள்.

"மூஞ்சி வரலியே?"

"கை போதும்."

பதில் கடிதத்தின் கீழே கம்பெனி கொடுத்த பதவிப் பெயரை எழுத ஆரம்பித்தவர், அதை அழித்தார். நிதானமாக எழுதினார்: 'சந்திரமோகன், சுப்பராயன் மகன், தறிக்காரர்.'