கடைசி வீட்டுப் பேயும் எங்கள் கருவிகளும்

பேய் தேடிப் போகிறவனுக்கு முதலில் தைரியம் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், என் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. தைரியம் எதற்கு, கருவி போதும் என்பான். அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. கைப்பேசியில் வெள்ளைக்காரர்கள் பேய் தேடும் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ஆளில்லாமல் கிடந்த கடைசி வீட்டைக் குறிவைத்தான். அங்கே பேய் இருக்கிறது, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வைத்ததே அம்மாதான்.

காணொளியில் காட்டிய, பேய் கண்டுபிடிக்கும் பெட்டியை வாங்கித் தரக் கேட்டால் அப்பா எங்களையே பேயாக்கிவிடுவார். அதனால் கிடைத்ததை வைத்துச் சமாளித்தோம். பேய் வந்தால் குளிருமாம். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சி ஒரு வெப்பமானி வாங்கினோம். கடைசி வீட்டில் அது பதினேழு காட்டியது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டுக் குளியலறையில் பதினாறு காட்டியது. கேமரன் மலையில் குடியிருந்துகொண்டு குளிரை வைத்துப் பேயைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய புத்திசாலிகள் நாங்கள்!

அடுத்து, பள்ளிச் சாரணர் பையிலிருந்து திசைகாட்டி. பேய் இருந்தால் முள் ஆடுமாம். ஆடத்தான் செய்தது. பிடித்திருக்கும் கை நடுங்கினால் எந்த முள்தான் ஆடாது?

மிஞ்சியது சித்தப்பாவின் கண்ணாடி உடைந்த பழைய கைப்பேசி. அது சத்தத்தைப் பதிவு செய்யும். அதைவிடப் பெரிய வசதி, நாங்கள் கூடவே இருக்க வேண்டியதில்லை. பள்ளி விட்டு வந்ததும் அதைக் கடைசி வீட்டுச் சுவர் இடுக்கில் செருகிவிட்டு ஓடி வந்தோம். இருட்டுவதற்குள் ஓடிப்போய் எடுத்து வந்தோம்.

இரவு, ஏழு பேர் நெருக்கியடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் அதைப் போட்டான். முதலில் காற்று. பிறகு கதவு கிறீச்சிட்டது. அப்புறம், ஐயோ, கர்ர்ரென்று ஓர் உறுமல், நடுவில் ஒரு விசில், மறுபடியும் உறுமல். சித்தி காதைப் பொத்திக்கொண்டார். நாளைக்கே தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சொல்லி அந்த வீட்டுக்குப் பூட்டுப் போட வைக்கிறேன் என்று சித்தப்பா குதித்தார். குழம்பு ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவையே பயமுறுத்திவிட்டோமே!

திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் அப்பா, கைப்பேசியைக் காதருகே வைத்து இன்னொரு முறை கேட்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

“பூட்டெல்லாம் வேணாம்லா தம்பி. இது யாரையும் ஒன்னும் பண்ணாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். சாயந்தரத்துல மட்டும் யாரும் அந்தப் பக்கம் போவாதீங்க” என்று அப்பா சித்தப்பாவிடம் சொன்னார்.

பதிவை அழித்த பிறகுதான் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். அண்ணன் அழுதே விட்டான்.

மறுநாள் அப்பா ஒரு புதுப் போர்வையோடு லோரியை விட்டு இறங்கி, நேரே கடைசி வீட்டுக்குள் போய், வெறுங்கையோடு திரும்பினார். யாருக்கு என்று கேட்டேன். பேய்க்கும் குளிரும் இல்லையா என்றார். இவ்வளவு பெரிய மனுஷன் பேய்க்குப் பயந்து காணிக்கை வைக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

நான் கண்விழிக்குமுன் அம்மா பள்ளி கேன்டீனுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுத்துவிட்டுத் தேயிலை பறிக்கப் போயிருப்பார். இரவு நான் கண்ணை மூடும்போதும் அடுத்த நாளுக்கு மாவு சலித்துக்கொண்டிருப்பார். பத்து வயது வரை அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. அவர் குறட்டை விடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?