பந்தி வாசலில் ஒரு கேள்வி

என் வகுப்பறையில் நூற்றெண்பது நாற்காலிகள் உண்டு. நான் பாடம் நடத்தும்போது அதிகம் போனால் நான்கில் ஆள் இருக்கும். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். ஹூஸ்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நோய் எதிர்ப்பியல் பேராசிரியை நான். மாணவர்கள் மட்டம் போடுவதாக நினைக்காதீர்கள். கூரையில் இருக்கும் கேமரா என்னைப் பிடித்துப் போடும் வீடியோவை வீட்டில் உட்கார்ந்து இரட்டை வேகத்தில் பார்த்துவிடுகிறார்கள். ஒருநாள் அதிசயமாக நேரில் வந்த எமிலி என்ற மாணவி, "ப்ரொஃபசர், நீங்கள் இவ்வளவு மெதுவாகவா பேசுவீர்கள்?" என்று கேட்டாள். இருபது வருடமாக இப்படித்தானம்மா பேசுகிறேன் என்று வாய்வரை வந்தது. சிரித்துவைத்தேன்.

குண்டைத் தூக்கிப் போட்டவளும் அவள்தான். பரீட்சை நெருங்கினால் இவர்கள் எல்லோரும் பார்ப்பது இந்தியாவில் இருக்கும் ஒரு 'சாக்போர்டு லேடி'யின் வீடியோவாம். "அதையும் இரட்டை வேகத்தில்தானே?" என்றேன். "நோ, நோ! அவரை நார்மல் ஸ்பீடில்தான் பார்ப்போம்" என்று போனை நீட்டினாள். கரும்பலகை, மின்விசிறிச் சத்தம், நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள். நடுவில் காட்டன் புடவையில் செல்வி! மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்த காலம் முழுக்க என் அறைத்தோழி. நான் விமானம் ஏறினேன், அவள் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆங்கிலமும் தமிழும் கலந்த அவள் பேச்சுக்கு யாரோ அடியில் ஆங்கில எழுத்து ஓடவிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் என் வீட்டுச் சமையலறையில் காபியோடு அந்த வீடியோவைப் போட்டேன். இரட்டை வேகத்தில்தான். வேண்டுமென்றேதான். அவள் குரல் கீச்கீச்சென்று ஓட, பலகையில் ஒரு கல்யாண மண்டபம் முளைத்தது. எனக்குத் திக்கென்றது. அது என் உதாரணம்! ஹாஸ்டல் காலத்தில் ஒரு பரீட்சைக்கு முந்தைய நாள், உடம்பின் காவல் அணுக்கள் கிருமியை அடிக்கின்றன, சொந்த உடம்பை ஏன் அடிப்பதில்லை என்று புரியாமல் செல்வி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பந்தி வாசலில் ஒரு பெரியவர் நிற்பாரே, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டபடி, அவரை வைத்துத்தான் நான் விளக்கினேன். பதில் சொல்லத் தெரியாதவன் அந்நியன், வெளியே போக வேண்டியவன். ஆனால் பெரியவர் ஆள் தெரியாமல் சொந்தச் சம்பந்தியையே பிடித்துத் தள்ளினால் கல்யாணமே கெட்டது, அதுவும் ஒரு நோய்தான்.

இங்கே சேர்ந்த புதிதில் நானும் அதை வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் கையைத் தூக்கி, "விருந்தினர் பட்டியலைப் பார்த்தால் போதாதா?" என்றான். வகுப்பே சிரித்தது. பெயர் எழுதிய அட்டை பார்த்து உட்காரும் கல்யாணம் அவர்களுடையது. கூச்சத்தில் அன்றோடு அந்த உதாரணத்தை விட்டேன், அம்புக்குறி போட்ட ஸ்லைடுகளுக்கு மாறினேன். செல்வியோ பத்து நிமிடம் மண்டபத்தையே வரைந்து காட்டிவிட்டுப் பாடத்துக்கு வருகிறாள். நான் விட்டெறிந்ததை அவள் எடுத்து வளர்த்திருக்கிறாள்.

"காசநோய்க்கு அவ்ளோ பெரிய லேப் வெச்சிருக்க, பேப்பர் மேல பேப்பர் பப்ளிஷ் பண்ற. அவங்ககிட்ட இருக்கறது ஒரு சாக்பீஸ். இதுக்குப் பேருதான் வயித்தெரிச்சல்" என்றார் கணவர். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். அந்தப் பிள்ளைகள் அவளை அண்ணாந்து பார்த்த பார்வையை எந்த ஆராய்ச்சி நிதியாலும் வாங்க முடியாது. செல்விக்கு வாட்ஸப் அனுப்பினேன்: 'பந்தி உதாரணம் பிரமாதம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு.'

ஐந்து நிமிடத்தில் அவள் குரல் வந்தது. "ஏட்டி, முழுசாப் பாத்தியா, ஓட்டி ஓட்டிப் பாத்தியா?"

மறுபடி போட்டேன், சாதாரண வேகத்தில். மண்டபம் வரைந்து முடித்ததும் செல்வி சாக்பீஸைக் கீழே வைக்கிறாள். "இது எஞ்சரக்கு இல்ல. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் சொல்லித் தந்தது. இப்பம் அமெரிக்காவுல ப்ரொஃபசரா இருக்கா. அவ கிளாஸ்ல எடம் கெடைக்காம பிள்ளைங்க நின்னுக்கிட்டே கேக்கும்." பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எனக்குத்தான். முதல் தடவை அது ஒரு கீச்சுச் சத்தமாக ஓடிப்போயிருந்தது. வெட்கமாக இருந்தது. பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. பொறாமைப்படத் தெரியாத அந்த மனசின் மேலும் சேர்த்துப் பொறாமை வந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் நான்கு பேர். ஸ்லைடை அணைத்துவிட்டுப் பந்திக் கதையைச் சொன்னேன். "சாக்போர்டு லேடியின் கதை!" என்றாள் எமிலி. அது என்னுடையது என்று நுனிநாக்குவரை வந்தது. "அவள் என் தோழி" என்று மட்டும் சொன்னேன். எமிலி விடவில்லை. ஒருவர் இரண்டு வீட்டுக்கும் சொந்தமாக இருந்தால்? அவருக்கு இரண்டு சாப்பாடா?

"இல்லை" என்றேன். "மாப்பிள்ளை வீட்டார் கவனித்திருப்பார்கள் என்று பெண் வீட்டார் விட்டுவிடுவார்கள். பெண் வீட்டார் கவனித்திருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிடுவார்கள். கடைசிப் பந்திவரை அவரை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள்."

நால்வரும் சிரித்தார்கள். கூரையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை, பாதி வேகத்தில் சொன்னேன்.