திருமுடி முதல் திருவடி வரை ஆங்கிலம்

பிறை சூடிய பெருமானும் அவன் இடப்பாகம் கொண்ட அன்னையும் என் சொல்லுக்குத் துணை நிற்க. ஆனைமுகன் இடர் நீக்கி அருள்க.

இன்று விஜயதசமி, வளர்பிறைத் தசமித் திதியும் திருவோண நட்சத்திரமும் கூடிய நன்னாள். சென்ற ஆண்டு இதே திருநாளில்தான், அறுபது வயதைக் கடந்துவிட்ட நான், ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். அதனால் விளைந்ததை எழுதி வைக்க வேறு நாள் பார்க்கத் தோன்றவில்லை.

நான் பிறந்தது மலேசியாவில், பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்புப் படித்தேன். பிறகு பால்மரம் வெட்ட, அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போனேன். மரம் சீவும்போது வாய் சும்மா இருக்காது. கோயிலில் கேட்டுக் கற்ற திருமுறைப் பதிகங்களை, நிரை என்று நாங்கள் சொல்லும் மரவரிசை ஒவ்வொன்றிலும் பாடிக்கொண்டே போவேன். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டு வெளியேறி, ஈப்போவின் குனோங் ராபாட்டில் குடியேறினோம். கணவர் மறைந்தபின் வீட்டில் நானும் என் ஒரே மகனும். பாடல் மட்டும் என்னோடு வந்தது; கோயில் விழா மேடைகளிலும் பாடினேன். ஆங்கிலம் எப்போதும் அடுத்த வீட்டுப் பொருளாகவே இருந்தது.

மகன் வேலைக்காகக் கடல் கடந்து ஒரு குளிர்நாட்டுக்குப் போனான். அங்கே ஒரு பெண்ணை விரும்பினான். தை மாதத்தில் நம் கோயிலில் திருமணம், அதன்பின் இருவரும் ஈப்போவிலேயே குடியிருப்பது என்று முடிவாயிற்று. பெண்ணின் தாயும் என்னைப்போல் கணவரை இழந்தவர். அவருக்கும் அவள் ஒரே பிள்ளை. அவர் பேசுவது ஆங்கிலம் ஒன்றே. எனக்குத் தமிழும் கடைத்தெரு மலாயும்.

“அவங்ககிட்ட நான் என்னய்யா பேசுறது?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“நீங்க சும்மா சிரிச்சா போதும்மா. மத்ததை நான் சொல்லிக்கிறேன்” என்றான்.

அன்போடுதான் சொன்னான். எனக்கோ அது போதவில்லை. பெற்ற ஒரே மகளை அயல் நாட்டில் என் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏறப்போகிறாள் ஒரு தாய். அவளுக்கு ஓர் உறுதிமொழி கடன்பட்டிருக்கிறேன். அதை என் வாயால் சொல்லாமல் வேறு யார் வாயால் சொல்வது?

மகன் அங்கிருந்தே என் கைப்பேசிக்கு ஆங்கிலப் பாடம் ஒன்றை அனுப்பி வைத்தான். விமான நிலையம், தங்கும் விடுதி, மேலாளர், சந்திப்பு நேரம். காலையில் கற்ற சொல் குழம்பு கொதிப்பதற்குள் ஆவியாகிப் போனது. அந்தச் சொற்களுக்கு என் மனத்தில் உட்கார இடமே இல்லை.

அடுத்த வீட்டில் இருப்பவர் ஒரு தமிழ் முஸ்லிம் அக்கா. அவர் கணவர் நகரத்தில் உணவுக்கடை நடத்துகிறார். அக்கா இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவர். என் முறையீட்டைக் கேட்டுவிட்டு, தம் பிள்ளைகள் சிறுவயதில் படித்த ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். பல நாட்டுப் பழங்கதைகளை எளிய ஆங்கிலத்தில் தொகுத்த நூல்.

“சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுதான் தங்கச்சி. வெக்கப்படாத. நான் வாசிக்கிறேன், நீ கேட்டுக்க.”

விஜயதசமியன்று குளித்து, திருநீறு பூசி, திருமுறை வைக்கும் பலகையின் மேல் அந்தப் புத்தகத்தை வைத்து, ஊதுபத்தி ஏற்றினேன். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னலா இது? படிக்கப் போறியா, சாமி கும்பிடப் போறியா?”

“ரெண்டும் வேற வேறயாக்கா எனக்கு?”

அவர் சிரித்தார். ஆனாலும் தரையில் அமருமுன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

முதல் கதையிலேயே ஒரு வியப்பு காத்திருந்தது. ஆற்றில் விழுந்த நிலவை ஒரு மீனவன் மகள் வலைவீசிக் கரை சேர்க்கிறாள். வழியில் பாம்பு மறிக்கிறது. ரிவர், மூன், ஸ்நேக். ஆறு, பிறை, பாம்பு! நான் நாள்தோறும் பாடும் பெருமானின் சடையில் இருப்பவை அல்லவா இவை? அடுத்தடுத்த கதைகளில் மான் வந்தது, மழு வந்தது, நெருப்பு வந்தது, நஞ்சு வந்தது, புலி வந்தது. மேலாளரும் விடுதியும் இல்லாத ஓர் ஆங்கிலம் இருந்தது. என் பதிகங்கள் எவற்றால் ஆனவையோ, அவற்றாலேயே அந்த ஆங்கிலமும் ஆகியிருந்தது.

கேசாதிபாதம் என்று நம் மரபில் ஒன்று உண்டு. இறைவனைத் திருமுடி தொடங்கித் திருவடி வரை உறுப்பு உறுப்பாக நினைந்து பாடுவது. அந்த வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கினேன். சடையில் ரிவர், மூன், ஸ்நேக். நெற்றியில் ஆஷ். கண்டத்தில் பாய்சன். கையில் டியர், ஆக்ஸ், ஃபயர், டிரம். இடையில் டைகர் ஸ்கின். திருவடியில் ஆங்க்லெட். பாத்திரம் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும் மேலிருந்து கீழாக ஒருமுறை பாடினால் ஒன்றும் சிந்தாது.

இடம் கிடைக்காத சொற்கள்தாம் தொல்லை தந்தன. மாற்றாந்தாய், துடைப்பம், அடுப்பு இவற்றை எங்கே வைப்பது?

“சூசாதான், கஷ்டம்தான்” என்று அக்கா தலையை ஆட்டினார். “உன் சாமிக்கு ஒரு ஒவன் வாங்கிக் குடுத்திரு. கேக் சுட்டுச் சாப்பிடட்டும்.”

“அவரு எடுக்கிறதே பிச்சை. அவருக்கு எதுக்குக்கா ஒவன்?” என்றேன். பிச்சை என்றதும் பெக்கர் என்ற சொல்லும், அவர் கையில் ஏந்தும் ஓட்டுக்கு பௌல் என்ற சொல்லும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. அக்கா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மற்றொன்றையும் கவனித்தேன். எந்தக் கதையானாலும், ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்று தொடங்கி ‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ என்று முடிந்தது. எனக்கு அது தெளிவாகவே விளங்கிற்று. முன்னது தெய்வத்தைத் துணைக்கு அழைத்துத் தொடங்கும் காப்பு, பின்னது, ஓதுவோர் பெறும் பயன் கூறி நிறைவு செய்யும் திருக்கடைக்காப்பு. நம்மைப்போலவே அவர்களும் காப்புச் சொல்லாமல் வாய் திறப்பதில்லை என்று மகிழ்ந்துபோனேன். இதை அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளத் தோன்றவில்லை. இவ்வளவு வெளிப்படையான ஒன்றைக் கேட்பார்களா?

தை பிறந்தது. என் மகனோடும் தம் மகளோடும் சம்பந்தி அம்மாள் வந்து இறங்கினார். ஒடிசலான உடம்பு, வெயிலில் சிவந்த முகம், மகளின் கையை விடாத கை. வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும், முன்னே போய் நின்று, கணீரென்று சொன்னேன்:

“ஒன்ஸ் அப்பான் எ டைம், வெல்கம் டு மை ஹவுஸ்.”

ஒரு கணம் எல்லாரும் விழித்தார்கள். அடுத்த கணம் மகனின் நண்பர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

“மச்சான், அம்மா கதை சொல்றாங்கடா!”

மகன் என்னை ஓரமாக அழைத்துப் போனான். “அம்மா, அது கதைக்கு மட்டும்தாம்மா. பேச்சுக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. விடுங்க, நான் பேசிக்கிறேன்.”

அதன்பின் திருமண நாள் வரை நான் சிரிக்க மட்டும் செய்தேன். சம்பந்தி அம்மாளும் சிரித்தார். எங்களுக்கிடையில் மகன் ஓடி ஓடி மொழிபெயர்த்தான். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம். வெயில்தான் கொஞ்சம் அதிகமாம். நான் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

திருமணம் இனிதே நடந்தேறியது. பந்தி நடந்துகொண்டிருக்கையில் சம்பந்தி அம்மாளைக் காணவில்லை. மண்டபத்தின் பின்வாசலில் ஒரு நாற்காலியில் தனியாக இருந்தார். எதிரே சுண்ணாம்பு மலை வெண்மையாக நிமிர்ந்து நின்றது. அவர் கண்கள் ஈரமாயிருந்தன.

பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். மகன் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு விரைந்து வந்தான்.

“என்னம்மா? என்ன சொல்லணும்? நான் சொல்றேன்.”

“வேணாய்யா. நீ போயி பந்திய பாரு. அக்கா வீட்டு ஆளுங்க இன்னும் உக்காரலை.”

அவன் தயங்கித் தயங்கிப் போனான். நான் மலையைச் சுட்டிக் காட்டினேன். இப்போது சொல்லப்போவது கதைதான். காப்புச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

“ஒன்ஸ் அப்பான் எ டைம்,” என்று தொடங்கினேன், “தெ மௌன்டன் ஹேட் எ டாட்டர்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

மலையரசன் மகளின் திருமணத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை வந்தான். அவன் தலையில் ஆறு, பிறை, பாம்பு. நெற்றியில் சாம்பல். கண்டத்தில் நஞ்சு. கையில் மான், மழு, நெருப்பு. இடையில் புலித்தோல். அவன் ஒரு பிச்சைக்காரன். திருமுடியிலிருந்து திருவடிவரை ஒரு சொல்லும் தடுமாறவில்லை. தோட்டத்தில் நாள்தோறும் நடந்து பழகிய மர நிரையில் நடப்பதுபோல் நடந்தேன். பெண்ணின் தாய் அழுதாள். இந்த மாப்பிள்ளையா, இவ்வளவு தூரமா என்று அழுதாள். மகள் அஞ்சவில்லை. மாப்பிள்ளை தன் உடம்பிலேயே பாதியை அவளுக்குக் கொடுத்தான்.

நிறுத்தினேன். சம்பந்தி அம்மாள் மெல்லக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. “அந்தத் தாய் அழுகையை நிறுத்தினாளா?”

நான் அறிந்த பதிகம் எதிலும் இதற்கு விடை இல்லை. அக்காவின் புத்தகத்திலும் இல்லை. இனி எந்த வரிசையையும் பிடித்துக்கொள்ள முடியாது. நானே சொல் கோக்க வேண்டும். எங்கள் பெருமான் பிறவாதவன், அவனைப் பெற்றவள் என்று எவளும் இல்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

“அந்த மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “உங்கள் மாப்பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள்.” என் நெஞ்சில் கையை வைத்தேன். “நான். உங்கள் மகளுக்கும் நான் தாய்.”

அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, குறும்பாக என்னைப் பார்த்தார்.

“ஹேப்பிலி எவர் ஆஃப்டர்?” என்றார்.

“எவர் ஆஃப்டர்” என்று நான் நிறைவு செய்தேன்.

உள்ளே போனபோது அக்கா பாயசக் கிண்ணத்தோடு எதிர்ப்பட்டார். எங்கள் இருவரின் கைகளும் கோத்திருந்ததைப் பார்த்தார். “என்ன தங்கச்சி, சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேன்க்கா. நானே சொன்னேன்.”

எத்தனையோ மேடைகளில் பாடியிருக்கிறேன், பொன்னாடையும் போர்த்தியிருக்கிறார்கள். அன்று அந்தப் பின்வாசலிலிருந்து திரும்பி நடந்தபோது என் தலை நிமிர்ந்திருந்ததுபோல் வேறெப்போதும் நிமிர்ந்ததில்லை. அந்தப் புத்தகம் இன்றும் திருமுறைப் பலகையில்தான் இருக்கிறது.

இதை ஓதுவோரும் ஓதக் கேட்போரும், தாம் சொல்ல விழைந்ததைத் தம் வாயாலேயே சொல்லும் பேறு பெறுக. அவர்தம் மக்கள் எந்நாடு புகினும் அங்கே அவர்களுக்கு ஒரு தாய் கிடைப்பாளாக. பிறை சூடிய பெருமான் திருவருளால் எல்லாரும் என்றென்றும் இன்புற்று வாழ்க.