தவக்காலத்தில் ஒரு ரிலீஸ்

எங்கள் சினிமா விநியோகக் கம்பெனிக்கு வரலாறு உண்டா என்று கேட்கிறார்கள். ஏன் இல்லை? தக்கலையில் ஆளுயரப் பெயர்ப்பலகை மாட்டினோம், ஆறாம் மாதம் கழற்றினோம். நடுவில் ஒரே ஒரு படம் வெளியிட்டோம்.

அந்தப் படத்தை எடுத்தவள் ஒரு பெண். பெரிய கம்பெனி எதுவும் தொடவில்லை. மூன்று வருடம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். "ஒரு தடவையாவது தியேட்டர்ல ஓடணும் அண்ணே" என்று மட்டும்தான் கேட்டாள். மாவட்டத்தையே கலக்கிவிடுவோம் என்றோம். வாய்க்கு வரியா போடுகிறார்கள்?

பார்ட்னர் என் பள்ளிக்கூடத் தோழன், மண்டைக்காட்டு அம்மன் பக்தன். நான் கடற்கரைக் கத்தோலிக்கன். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை தியேட்டர் சும்மா கிடைத்தது. ஏன் சும்மா கிடைக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? எங்களுக்குத் தவக்காலம், சாயங்காலம் சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபம், ஒருத்தரும் சினிமா பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். போகட்டும், அவன் ஆட்கள் வருவார்கள் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளி மாலை தியேட்டரில் ஈ பறந்தது.

"லே மக்கா, உனக்க ஆளுவள எங்க?"

"எல்லாம் மண்டைக்காட்டுக் கோயில் கொடையிலல்லா நிக்குது! உனக்க ஆளுவ வருமுண்ணுல்லா நான் இருந்தேன்!"

அடப்பாவி! இப்படி இரண்டு மேதைகள் நடத்திய கம்பெனி அது.

பத்துப் பேராவது இல்லாமல் படம் போட மாட்டேன் என்றார் மேனேஜர். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த அந்தப் பெண், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றாள். அவளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் மூவர், கெஞ்சி இழுத்துவந்த இரண்டு ஆட்டோக்காரர்கள், பஸ்ஸை விட்டுவிட்டு ஏசிக்காக உள்ளே வந்த நாலு பேர் குடும்பம். ஒன்பதுதான்.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"தவக்காலத்துல சினிமாவா? உங்களுக்கு வெக்கமில்லியா?" என்றாள் என் மனைவி. பட்டுச்சேலையைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

சிலுவைப்பாதை முடிந்ததும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. "கண்ண மூடிட்டுதான் இருப்பேன், கேட்டியளா" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேனேஜர் பத்து என்று எண்ணி விளக்கை அணைத்தார்.

அடுத்த நாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அது கிடக்கட்டும். அன்றைக்குப் படம் முடிந்து வெளியே வந்ததும் என் மனைவி நேரே அந்தப் பெண்ணிடம் போனாள்.

"ஏம் மோளே, படத்துக்க கடைசியில அவ அந்தப் படக எதுக்கு வித்தா? எனக்கு மனசு கேக்கல்ல."

அந்தப் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.