வாழைக்குழியில் கிடைத்த ஜெர்மன் போளை

என் மனைவி தூசு தட்டும்போது மட்டும்தான் என் போளைகளைப் பார்ப்பாள். பார்ப்பாள் என்று சொல்வதும் மிகைதான். போளைகளை அடுக்கி வைத்திருக்கும் தட்டைத் துணியால் ஒரு பக்கம் தள்ளிவிட்டு மேசையைத் துடைப்பாள். கண்ணாடி உருண்டைக்குப் போய் இவ்வளவு பெரிய புத்தகமா என்று ஒரு தடவை கேட்டாள். அதன் பிறகு அதைப்பற்றி எங்களுக்குள் கதையே இல்லை.

அந்தப் புத்தகம் கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய பெட்டியில் வந்தது. சொக்லேட், சவர்க்காரம், ஒரு பழைய குளிர்ச்சட்டை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. பழைய போளைகளை இனங்கண்டு விலை மதிப்பதற்கான வழிகாட்டி. பக்கம் பக்கமாகப் படங்கள், படத்துக்குக் கீழே பெயர், ஊர், காலம், டொலரில் விலை. போளைக்கு இப்படியொரு சாதகம் எழுதி வைத்திருக்கிறார்களே என்று முதலில் சிரித்தேன். பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. காலபோக நெல் அறுவடை முடிந்து, இரணைமடு வாய்க்காலும் காய்ந்து கிடந்த மாதங்கள் அவை. எனக்கு வேறு வேலையும் இல்லை.

கைபேசியில் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் பார்த்துப் பார்த்து நான் படித்தது இவ்வளவுதான். எங்கள் கடைகளில் வரும் பூனைக்கண் போளைகள் இயந்திரத்தில் செய்தவை, அவற்றை ஒருவரும் மதிப்பதில்லை. மதிப்புள்ளவை ஜெர்மனியில் கையால் செய்த பழைய போளைகள். நிறநூல் ஓடும் கண்ணாடிக் கம்பியைச் சூட்டில் முறுக்கி, துண்டு துண்டாக வெட்டி உருட்டுவார்களாம். வெட்டிய இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். சில தொழிலாளிகள் அந்தத் தழும்பைத் தேய்த்துத் தட்டையாக்கி விடுவார்கள். தழும்போ தட்டையோ இருந்தால் கைவேலை, இல்லாவிட்டால் இயந்திரம். இதைப் படித்த நாளிலிருந்து, யார் வீட்டுக்குப் போனாலும் அங்குள்ள பிள்ளைகளின் போளையை வாங்கித் தழும்பு தேட ஆரம்பித்தேன். ஊரில் என்னைப்பற்றி என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும். எனக்கு ஒரேயொரு ஜெர்மன் போளை வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அந்த ஆசையோடுதான் ஒரு நாள் கிணற்றுக்குப் பின்னால் வாழைக்குட்டி நடக் குழி வெட்டினேன். அது மனைவிக்குச் சீதனமாக வந்த காணி. அவள் பிறந்து வளர்ந்த வளவு. இடம்பெயர்ந்து திரும்பிவந்து அதே இடத்தில்தான் வீடு கட்டினோம். மண்வெட்டி ஏதோ ஒன்றில் உரசியது. மண்ணைத் தட்டினால் ஒரு போளை. கருநீலம், நடுவே வெள்ளை சுழன்று ஓடுகிறது. விரலால் உருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் உளுந்தளவு தட்டை!

“இஞ்சாருங்கோ, வாழை வைக்கப் போன ஆள் குழிக்குள்ள குந்திக்கொண்டு என்ன செய்யிறியள்?” என்று குசினி யன்னலால் மனைவி கத்தினாள்.

“ஒண்டுமில்லை, ஒரு போளை!” என்றேன்.

“ஓ, போளையே!” என்று யன்னலைச் சாத்திவிட்டாள்.

படம் எடுத்துப் போளை சேர்ப்பவர்களின் கைபேசிக் குழுவில் போட்டேன். ஜெர்மன், கைவேலை, தேய்த்த தழும்பு என்று பெரிய ஆள் மாதிரி கீழே எழுதியும் விட்டேன். அன்று பின்னேரமே வவுனியாவிலிருந்து ஒருவர் அழைத்தார். ஓய்வுபெற்ற கணக்காளர், குழுவில் எல்லோரும் மதிக்கும் மனிதர். தன்னிடம் ஒரே மாதிரி இரண்டு ஜெர்மன் போளைகள் இருக்கின்றன, உம்முடையது நீர் சொல்வதுபோல இருந்தால் ஒன்றைத் தந்து இதை எடுத்துக்கொள்கிறேன், சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். சனிக்கிழமை வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. போளையைப் பஞ்சில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். திறப்பு என் மடியில்.

சொன்னபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டி, வெள்ளைச் சட்டை. மூக்குக்கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் திறந்து, அதற்குள்ளிருந்த ஜெர்மன் போளையைக் காட்டினார். உள்ளே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் முறுக்கேறி ஓடின. புத்தகத்தில் பார்த்தது வேறு, கையில் பார்த்தது வேறு. எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. பிறகு அவர் என் போளையை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

“தம்பி, மனம் நோகாதையும்” என்றார். “இது மெஷின்ல செய்தது. இஞ்ச பாரும், பொருத்தின கோடு மெல்லிசாத் தெரியுது. இந்தத் தட்டை பிறகு ஆரோ தேச்சது. புத்தகத்தின்ர கணக்குப்படி இது பழுதான போளை.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேலா, புத்தகத்தின்மேலா, முகம் தெரியாத அந்தத் தேய்த்த ஆளின்மேலா என்றும் சொல்லத் தெரியவில்லை. “எந்த மூளையில்லாதவன் இருந்திருந்து ஒரு போளையைத் தேய்ப்பான்?” என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி தேநீரோடு வந்தாள். தட்டத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், அவர் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“இது நான் சின்னனில அடிச்ச கைப்போளையெல்லோ! இது எங்கால?”

“வாழைக்குழிக்குள்ள கிடந்தது. ஆரோ தேச்சுப் பழுதாக்கிப் போட்டினம்” என்றேன்.

“நான்தான் தேச்சனான். கிணத்துக் கட்டில வைச்சு, ஒரு பள்ளிக்கூட லீவு முழுக்க. தட்டையா இருந்தாத்தானே விரலில வழுக்காமல் இருக்கும்? இந்த வாய்க்கால் கரைப் பிள்ளையள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை” என்றாள். சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்து போளையை எடுத்து இடதுகை நடுவிரலில் வைத்து, விரலைப் பின்னால் வளைத்தாள். தட்டைப் பக்கம் விரல் நுனியில் அச்சாகப் பொருந்தியது. முற்றத்தின் மறுகரையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில் ‘டக்’ என்று ஒரு அடி. சிரட்டை புரண்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கலியாணம் கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

கணக்காளர் தேநீரை மறந்துவிட்டார். “தங்கச்சி, இப்பிடி ஒண்டு எந்தப் புத்தகத்திலயும் இல்லை. எனக்குத் தாங்கோவன்” என்றார்.

“சும்மா தர ஏலாது அண்ணை. விளையாடி வெண்டுகொண்டு போங்கோ. நீங்கள் பந்தயமா என்னத்தை வைக்கிறியள்?”

 அவர் தன் ஜெர்மன் போளையைக் கதிரையின் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அடிப்பதற்கு என் தட்டிலிருந்து ஒரு பூனைக்கண்ணை எடுத்துக்கொண்டார். நான் அதுவரை மண் படவிடாத போளை அது. மனைவி குதிக்காலால் முற்றத்தில் குழி திருகினாள். முதலில் குழியில் விழுத்தவேண்டும், பிறகு எதிராளியின் போளையை அடிக்கவேண்டும். கணக்காளரும் லேசுப்பட்டவர் இல்லை, முழங்காலில் மண் ஒட்ட ஒட்ட நின்று அடித்தார். “விரலை நிலத்தில ஊண்டுங்கோ அண்ணை, அலாப்பக் கூடாது!” என்று மனைவி அதட்ட, அவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். கடைசியில் மனைவி அடித்த அடியில் பூனைக்கண் வேலிவரை பறந்தது. தோற்ற மனிதர் இவ்வளவு சந்தோஷமாக பஸ் ஏறியதை நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் ஜெர்மன் போளை எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது என்னிடம் இல்லை. குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஜாம் போத்தலுக்குள் அதைப் போட்டு வைத்தாள். என் தட்டில் வைத்தால் பெயர் எழுதி ஒட்டி அழகாக வைத்திருப்பேனே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“வேணுமெண்டால் வெண்டு எடுங்கோ” என்றாள்.

எனக்குப் போளையின் பெயர் தெரியும், ஊர் தெரியும், அடிக்கத் தெரியாது. முதல் நாள் நான் அடித்த போளை எனக்குப் பின்னாலேயே போய் விழுந்தது. அவள் நிலத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து வெயில் தாழ்ந்ததும் விளையாடுகிறோம். என் தட்டு காலியாகிறது, அவளுடைய போத்தல் நிரம்புகிறது. வயலிலிருந்து முன்பெல்லாம் ஆறுதலாக, மெதுவாக வருவேன். இப்போது சைக்கிளை மிதிக்கிற மிதியைப் பார்த்து, வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ என்று பக்கத்து வயல்காரர் கேட்கிறார்.

நேற்று நான் வெல்ல வேண்டியது. என் போளை குழிக்குள் விழுந்துவிட்டது. அவளுடையது ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் படும். பட்டால் ஜெர்மன் போளை எனக்கு. விரலை வளைத்தேன். வென்றுவிட்டால் நாளைக்கு இவள் முற்றத்துக்கு இறங்குவாளா என்று ஒரு நினைப்பு வந்தது. போளை அவளுடையதைத் தாண்டி ஓடியது.

“வேணுமெண்டு விட்டனியளோ?” என்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“சேச்சே” என்றேன். “வழுக்கிப்போச்சு.”