தாழ்ப்பாள் தீர்மானம்

டீச்சருக்கு இரண்டு பெயர். ஒன்று சம்பளப் பட்டியலில் இருப்பது. அதைச் சொல்லி அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. இன்னொன்று 'கேள்வி டீச்சர்'. பிள்ளைகள் ஆசையாக வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வைத்தது பக்கத்து வகுப்பு ஆசிரியைகள், அதுவும் கிண்டலுக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

தொடக்கப் பள்ளி வாசலில் பத்து நிமிஷம் சும்மா நின்றால் உங்களுக்கே தெரியும். எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் பாடம் ஒரே மாதிரிதான் முடியும். "புரிஞ்சுதா?" என்று ஒரு குரல் ராகம் இழுக்கும். "புரிஞ்சுது டீச்ச்சர்" என்று நாற்பது குரல் திருப்பி இழுக்கும். அந்த நாற்பதில் ஒன்றை எழுப்பி, என்ன புரிந்தது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். கேட்ட டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டைப் பாடாமல் யாரும் புத்தகத்தை மூட மாட்டார்கள்.

நம் டீச்சரும் முதல் எட்டு வருஷம் அதைப் பாடியவர்தான். ஒரு நாள் திசைகள் பாடம். முந்தின நாள் காய்ச்சல், தலை பாரம், சூரியன் மேற்கே உதிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பழக்க தோஷத்தில் "புரிஞ்சுதா?" என்றும் கேட்டுவிட்டார். நாற்பத்தொரு பிள்ளைகளும் புரிந்தது என்றன. ஜன்னல் வழியாக வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்த பெஞ்சில் இருந்தவர்கள் கூட. டீச்சர் அன்று வீட்டுக்குப் போய் அழுதார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வீட்டுக்காரரிடம் மாத்திரை எப்போது போட வேண்டும் என்று விளக்கும்போது கூட, நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கிவிடுவார்.

அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்ததுதான் கூட்டம். ஐந்தாம் வகுப்பு சமூக அறிவியலில் உள்ளாட்சி என்று ஒரு பாடம் உண்டு. தலைவர், உறுப்பினர், தீர்மானம் எல்லாம் கடகடவென்று ஒப்பிக்க வேண்டிய பாடம். டீச்சர் வியாழக்கிழமை கடைசி பீரியடில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, வகுப்பையே ஒரு மன்றமாக்கினார். ஒருத்தர் தலைவர், ஒருத்தர் குறிப்பு எழுதுபவர். இரண்டே சட்டம்: கோரஸாகப் பேசக் கூடாது; ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் காரணம் சொல்ல வேண்டும். ரப்பர் திருட்டு, ஜன்னலோர இடம் என்று ஆரம்பித்த வழக்குகள் போகப் போக உருப்படியானவையாக மாறின.

அந்த வருஷம் வந்தது தாழ்ப்பாள் விவகாரம். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒரு குட்டிப் பெண் எழுந்து, "நான் காலையில தண்ணியே குடிக்க மாட்டேன் டீச்சர், அப்பதான் போக வேண்டாம்" என்றது. ஒவ்வொருத்தியாகக் கை தூக்கியதில் பதினோரு பேர் அப்படி. ஆண் பிள்ளைகளின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வருஷத் தலைவி இரட்டைப் பின்னல் போட்ட ஒரு வாயாடி. பிள்ளைகள் அவளைத் 'தலைவர்' என்றே கூப்பிட்டார்கள். அவள் சொன்னாள்: "நான் குடிப்பேன். எனக்கு தாகம் எடுக்கும், அதான் காரணம். கதவுக்கு தாழ்ப்பாள் போடறதுதான் சரி, நாம தண்ணி குடிக்காம இருக்கறது சரியில்லை."

நான்கு வியாழக்கிழமை பேசினார்கள். கதவை அளந்தார்கள். கடையில் போய் என்ன தாழ்ப்பாள் பொருந்தும் என்று விசாரித்தார்கள். தீர்மானம் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, "அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை நானே உங்க கூட்டத்துக்கு வந்து பதில் சொல்றேன்" என்று கையெழுத்தும் போட்டார். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லப் போகிறார். இத்தனை வருஷத்தில் நடக்காத ஒன்று. அந்த ஒரு வியாழக்கிழமையைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தார்.

அதற்கு நடுவில்தான் மூன்று நாள் பயிற்சி வந்தது. 'பங்கேற்பு முறையில் சமூக அறிவியல் கற்பித்தல்.' தலைப்பைப் பார்த்ததும் டீச்சர் புதுப் பேனா வாங்கிக்கொண்டு போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபது ஆசிரியர்கள், ஒரு நீளமான ஹால், முன்னால் புரொஜெக்டர். பயிற்சியாளர் ஒல்லியான இளைஞர், நல்ல பிள்ளை, எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் படித்தார். 'மாணவர்களைப் பேச விடுங்கள்' என்ற ஸ்லைடை மூன்று தடவை படித்தார். அறுபது பேரும் பேசாமல் இருந்தார்கள். 'நீண்ட விரிவுரையைத் தவிருங்கள்' என்பதைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் விரிவுரை நடந்தது. பின் வரிசையில் ஒருவர் பரீட்சைத் தாள் திருத்தினார், ஒருவர் வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கினார். நாலு மணிக்குப் பயிற்சியாளர் நிமிர்ந்து "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று அறுபது பேரும் பையைத் தூக்கினார்கள். டீச்சர் புதுப் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மூன்றாம் நாள் மாதிரி வகுப்பு. யார் நடத்துவது என்று கேட்டதும் ஹாலில் எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி டீச்சரை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். டீச்சர் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார்.

"இது மன்றம். நீங்கதான் உறுப்பினர்கள். நிஜமான ஒரு குறையைச் சொல்லுங்க. காரணத்தோட."

முதலில் இளித்தார்கள். பிறகு, ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த ஒரு சார் எழுந்தார். "நான் ஏழு வருஷமா ஒரே ரூம்ல ரெண்டு வகுப்பை நடத்தறேன். ஒரு பக்கம் பார்த்தா இன்னொரு பக்கம் சத்தம். இதுவரைக்கும் யாரும் ஏன்னு என்னைக் கேட்டதில்லை." அடுத்தவள் எழுந்தாள். "நான் இங்க மூணு நாள் உக்காந்திருக்கேன். என் வகுப்பை யாரு பார்க்கிறாங்க?" தூங்கியவர் எழுந்துவிட்டார். தாள் திருத்தியவர் பேனாவை வைத்துவிட்டார். பதினோரு நிமிஷம் அந்த ஹாலில் உயிர் இருந்தது.

அப்போது கதவருகில் யாரோ கை தட்டினார்கள். பயிற்சி மையத்து அதிகாரியம்மா. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. ஹால் கப்சிப். அவர் நேராக டீச்சரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க? உங்களை மாதிரி ஒருத்தர் ஒரு வகுப்புக்குள்ள முடங்கிக் கிடக்கலாமா?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருடைய கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "பாராட்டினாங்களா? ஜாக்கிரதையா இரு. எங்க டிப்போல நல்லா வண்டி ஓட்டின டிரைவரைத்தான் புடிச்சு ஆபீஸ்ல உக்கார வச்சாங்க."

"உங்களுக்கு எப்பவும் கிண்டல்தாங்க."

உத்தரவு வந்தது புதன்கிழமை மதியம். மாற்றுப்பணியில் பயிற்சி மையத்துக்கு, நாளை காலை சேர வேண்டும், மறு உத்தரவு வரும்வரை. மறு உத்தரவு என்று ஒன்று வந்ததாகச் சரித்திரமே கிடையாது. டீச்சருக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

தலைமை ஆசிரியர் வாயெல்லாம் பல்லாக வாழ்த்தினார். "நம்ம ஸ்கூலுக்கே பெருமைம்மா."

"சார், நாளைக்கு கூட்டம்."

"எந்தக் கூட்டம்?"

டீச்சர் அவர் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓ, அதுவா. பசங்க விளையாட்டுதானே."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிச் சேர்ந்துக்கறேன் சார்."

"நாளைக் காலையிலன்னு போட்டிருக்கு. நீங்க போகலைன்னா என் கழுத்துக்குத்தான் கத்தி வரும். என்னை மாட்டி விட்டுடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இருபத்திரண்டு வருஷம் காரணம் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர், அங்கே ஒரு காரணம் கூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வகுப்பில் போய்ச் சொன்னார். தலைவர்தான் எழுந்தாள். "நீங்க எப்ப டீச்சர் திரும்பி வருவீங்க?"

"தெரியலைம்மா. கூட்டத்தை விட்டுடாதீங்க. நீ இருக்கியே."

பயிற்சி மையத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று முதல் வாரம் நினைத்தார், அப்பாவி. ஸ்லைடுகளை எடுத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடலாமா என்று கேட்டார். அதிகாரியம்மா பரிவாகத்தான் சொன்னார்: "அறுபத்தி நாலு ஸ்லைடும் மேல ஒப்புதல் வாங்கினது. ஒண்ணை விட்டாலும் எனக்கு மெமோ வரும். ஆனா உங்க கூட்டத்தையும் சேர்த்துட்டோமே, பார்க்கலையா?" நாற்பத்தொன்பதாவது ஸ்லைடு. 'மாதிரி மன்றக் கூட்டம்: வரையறை, ஆறு படிநிலைகள். நேரம்: 4 நிமிடம்.' டீச்சருடைய புகைப்படமும் மூலையில் இருந்தது. நாற்காலிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. புது ஹாலில் அவற்றைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள்.

ஆக, டீச்சரும் ஸ்லைடுகளைப் படித்தார். வாரம் இரண்டு பயிற்சி, தடவைக்கு அறுபது பேர். எதிரில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் மேல் கோபம் கூட வரவில்லை. வியாழக்கிழமை கடைசி பீரியடுக்கு மட்டும் அவர் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் தலைவரைப் பார்த்தார். ஒரு பின்னலில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

"டீச்சர்!"

"நல்லா இருக்கியா? கூட்டம் நடக்குதா?"

"நடக்குது டீச்சர். நோட்டுல." அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தே காட்டினாள். கோடு போட்டு, அழகாக. 'கூட்டம் என்றால் என்ன? அதன் ஆறு படிநிலைகள் யாவை?' "புது சார் போர்டுல எழுதிப் போட்டாரு. அஞ்சு மார்க். நான் அஞ்சுக்கு அஞ்சு."

டீச்சருக்கு அந்த ஆறு வரியும் மனப்பாடம். கமா கூட மாறவில்லை.

"சார் உங்க பயிற்சிக்கு வந்திருந்தாராம் டீச்சர். நீங்க ரொம்ப நல்லா நடத்தினீங்கன்னு சொன்னாரு."

டீச்சர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "தாழ்ப்பாள் போட்டாங்களா?"

"இல்லை டீச்சர். நான் மட்டும் போய்க் கேட்டேன். அது பாடத்துல இல்லையேன்னு சொல்லிட்டாரு ஹெட்மாஸ்டர்." பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, பெரிதாக ஒன்றும் இல்லாத மாதிரி சொன்னாள். "நானும் இப்ப காலையில தண்ணி குடிக்கறதில்லை டீச்சர்."

மறுநாள் வழக்கம்போலப் பயிற்சி. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. எதிரில் அறுபது பேர், பாதிப் பேர் பையை மடியில் எடுத்து வைத்தாயிற்று. கடைசி ஸ்லைடு, தொகுப்புரை. 'மாணவர்களைப் பேச விடுங்கள்' என்று திரையில் பெரிய எழுத்தில் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே, தெளிவாக, நிறுத்தி, "மாணவர்களைப் பேச விடாதீர்கள்" என்று படித்தார். வாய் தவறிற்றா, வேண்டுமென்றே சொன்னாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. யாராவது ஒருத்தர் நிமிர்ந்து, என்ன இப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. கேட்க மாட்டார்களா என்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

பிறகு, இருபத்திரண்டு வருஷமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்ச்சர்" என்று அறுபது பேரும் ராகம் போட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். டீச்சர் உட்கார்ந்து, அறுபது பேருடைய சான்றிதழிலும் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.