ஒரு மணி வேட்டை

சிவனேஸ்வரி கோபக்காரி என்பது கிரான்பர்னில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். கோயில் கூட்டத்தில் செருப்பு வைக்கும் இடத்துக்காகச் சண்டை போட்டவர். மகள் வினுஷாவின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்ட ஆசிரியையை வருடம் முழுக்க விடாமல் திருத்தியவர். போன வருடம் அவருக்கு ஒரு சிங்கத்துக்காகக் கோபம் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர். வந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இருந்தார். அதில் எட்டு வருடம் ஒரு மாட்டிறைச்சித் தொழிற்சாலையில், எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்கும் வரிசையில் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் வாயில் வைக்க மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமையும் வெட்டுவார். பிறகு, மெல்பர்னுக்குக் கிழக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் உள்ள ஒரு தனியார் விலங்குப் பூங்காவில், கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

பூங்காவில் ஐந்து சிங்கங்கள். ஆண் ஒன்று, பெயர் ஜாபு. பெண்கள் நான்கு. அவற்றில் பெரியது தெம்பி, சின்னது நியா. பால் பண்ணைகளில் கழித்துவிடும் காளைக் கன்றுகளும், சில வேளை கால் முறிந்த குதிரையும் கொல்லப்பட்டு லொறியில் வரும். அவற்றை வெட்டிக் கொடுப்பது சிவனேஸ்வரியின் வேலை.

சிங்கங்களைப் பராமரிப்பவள் மோனிகா. கோயம்புத்தூர்க்காரி, முப்பத்து நான்கு வயது, இரண்டு வருடம் ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கங்களின் பின்னால் ஜீப்பில் அலைந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனில் எடுத்த வீடியோக்களைக் காட்டுவாள். சிவனேஸ்வரி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். இரண்டு பெண் சிங்கங்கள் புல்லுக்குள் வயிறு தரையில் உரச நகர்ந்துபோய்ப் படுத்துக்கொள்ளும். வேறு இரண்டு தூரத்தால் சுற்றி மறுபக்கம் போகும். அவற்றைக் கண்டு மிரண்டு ஓடும் மான், படுத்திருப்பவற்றின் வாய்க்குள்ளேயே வந்து விழும். ஆனால் அப்படி விழுவது குறைவு. சிங்கத்துக்கு நீண்ட தூரம் ஓட மூச்சுப் போதாது. சில நூறு அடிக்குள் பிடிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும். நாலு தடவை போனால் மூன்று தடவை வெறும் வயிற்றோடுதான் வரும் என்றாள் மோனிகா.

சிவனேஸ்வரியைக் கவர்ந்தது பிடித்ததற்குப் பிறகு நடப்பது. தொண்டையைக் கவ்வி மூச்சடைத்துக் கொன்ற பிறகு, சிங்கம் தொடையில் வாய் வைக்கவில்லை. விலாவுக்கும் தொடைக்கும் நடுவே தோல் மெல்லிதாக இருக்கும் இடத்தைத் தேடிக் கிழித்தது. ஈரலை முதலில் தின்றது. அவரும் கத்தியை இறக்குவது அதே இடத்தில்தான். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரே இருப்பில் இருபது, இருபத்தைந்து கிலோவைத் தின்றுவிட்டு, இரண்டு மூன்று நாள் படுத்தே கிடக்கும் வயிறு அது. அதை வைத்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தீனி முறை வகுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுக் கன்று. திங்களும் செவ்வாயும் ஒன்றுமில்லை. புதன்கிழமை எலும்பும் தோலும். வெள்ளிக்கிழமை கொஞ்சம் இறைச்சி. மூன்று வருடம் அப்படி நடந்தது. மிருக வைத்தியர் வந்து பார்க்கும்போதெல்லாம், பல்லும் உடம்பும் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்.

பிறகு கிரெக் மனேஜராக வந்தான். அதற்கு முன் அவன் கடைத்தொகுதிகளில் பண்டிகைக் காலக் கொண்டாட்டங்களை நடத்தியவன். பூங்காவுக்கு வருபவர்கள் தூங்கும் சிங்கத்தைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள் என்பது அவனுடைய முறைப்பாடு. சிங்க வெளிக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டினான். கம்பியில் ஒரு கப்பி. இறைச்சித் துண்டைக் கொக்கியில் கொளுவி, மோட்டாரை முடுக்கினால் அது நிலத்தோடு பறக்கும். சிங்கங்கள் துரத்தும். தினமும் மதியம் ஒரு மணிக்கு. ஒரு பையன் மைக்கில் கத்துவான். அதற்கு 'ஒரு மணி வேட்டை' என்று பெயர் வைத்தார்கள்.

தினமும் ஓட வேண்டுமென்றால் தினமும் பசி இருக்க வேண்டும். முழுக் கன்று நின்றது. மூன்று கிலோத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லி சிவனேஸ்வரிக்குத் தாள் வந்தது.

முதல் இரண்டு வாரம் அவரும் போய்ப் பார்த்தார். மூன்றாவது வாரம் போகவில்லை. கடைசியாகப் பார்த்த நாளில் முதல் துண்டைத் தெம்பி பிடித்தது. அதை ஜாபு பறித்தது. இரண்டாவதையும் தெம்பியே பிடித்தது. மற்ற இரண்டும் இழுபறிப்பட்டு ஆளுக்கொன்று எடுத்தன. நியா ஓடியது, நின்றது, வெறும் நிலத்தை நக்கியது. எட்டாவது துண்டு முடியும்போது அதற்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை.

இறைச்சி அறைக்கு வெளியே நடைபாதையில் சிங்கங்களின் எடை எழுதும் பலகை இருந்தது. நியா நூற்று இருபத்தொன்று. அடுத்த மாதம் நூற்றுப் பதினாறு. அதற்கடுத்த மாதம் நூற்றுப் பதினொன்று. ஜாபுவின் எடை ஏறிக்கொண்டே போனது. சிவனேஸ்வரி மோனிகாவைக் கூட்டிவந்து பலகைக்கு முன்னால் நிறுத்தினார். மோனிகா இதை இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். வைத்தியரும் எழுதிக் கொடுத்திருந்தார். மொத்தமாக உள்ளே போகும் இறைச்சி குறையவில்லை என்று கிரெக்கிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்திருந்தது.

வேலையாட்கள் கூட்டத்தில் சிவனேஸ்வரி எழும்பினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மொத்தம் தின்பதில்லை, ஒவ்வொரு வாயும்தான் தின்கிறது என்று சொன்னார். கிரெக் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சிவா, உங்கள் வேலை வெட்டுவது. அதை அருமையாகச் செய்கிறீர்கள். மிருகங்களை அதற்குப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்."

படித்தவள் மோனிகா பக்கத்தில்தான் இருந்தாள். அவளை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போன சிவனேஸ்வரி குசினிக் கதிரையில் இருந்தபடி தேத்தண்ணியை ஆறவிட்டார். வினுஷா ஆங்கிலத்தில் என்ன நடந்தது என்று கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றார்.

செப்டெம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு மணி வேட்டை, மூன்று மணிக்கும் ஒருமுறை நடந்தது. துண்டுகள் இன்னும் சின்னதாயின. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, நியா முதல் தடவையாகத் தெம்பிக்கு முன்னால் பாய்ந்து ஒரு துண்டைக் கவ்வியது. தெம்பி முன்னங்காலால் அறைந்தது. நகம் நியாவின் இடது கண்ணைக் கிழித்துக்கொண்டு போனது.

சனங்கள் கத்தினார்கள். மைக்கில் இருந்த பையனுக்கு கிரெக் ஏதோ சைகை காட்டினான். பையன் குரலை உயர்த்தி, காட்டில் இப்படித்தான், இதுதான் இயற்கை, நீங்கள் நேரில் கண்டுவிட்டீர்கள் என்றான். சத்தம் கேட்டு இறைச்சி அறையிலிருந்து வெளியே வந்த சிவனேஸ்வரியின் காதில் அது விழுந்தது. அவர் கையில் கத்தி இருந்ததைக் கண்டு இரண்டு பேர் விலகி நின்றார்கள்.

கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. நியாவைத் தனிக்கூட்டில் வைத்தார்கள். ஆறாத கோபத்தோடு சிவனேஸ்வரி மோனிகாவைப் பிடித்துக் கேட்டார், காட்டில் இப்படித்தானா என்று. மோனிகா பொய் சொல்லவில்லை. காட்டெருமை போலப் பெரியது விழுந்தால், உறுமிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் எல்லாம் தோளோடு தோள் நின்று தின்னும் என்றாள். சின்ன இரையென்றால் வலுத்தது பறித்துக்கொண்டு போய்விடும். பஞ்ச காலத்தில் குட்டிகள் பட்டினியாலேயே சாகும்.

"அப்ப அவன் சொன்னது சரியெண்டுறியோ?"

"இல்லக்கா. காட்ல நியா வேற பக்கம் போயிருக்கும். முயலாவது பிடிச்சிருக்கும். இங்க வேலி இருக்கு. வேற எங்க போகும்?"

சிவனேஸ்வரி கத்தியைக் கழுவி வைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சண்டை முடிந்த வருடம், வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். சாப்பாட்டுப் பொதிகளை டிரக்டரின் மேலே நின்று எறிவார்கள். வலுவான கைகள் மூன்று நான்கு பொதி பிடிக்கும். அவர் மூன்று வயது வினுஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவார். ஒரு நாள் விழுந்தார். மேலே நின்றவர்களில் ஒருவன் அதைப் போனில் படம் எடுத்தான். எத்தனை பொதி உள்ளே போனதென்று வாசலில் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய தாளிலும் மொத்தம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"துண்டு துண்டா எறியிறவனுக்கு எல்லாம் தெரியும், மோனிகா. ஆருக்குக் கிடைக்காதெண்டும் தெரியும்," என்றார். "அந்தத் துண்டை வெட்டிக் குடுக்கிறது நான். இனி வெட்ட மாட்டன்."

"வேலை போயிடும்க்கா."

"போகட்டும்."

மோனிகா, நியா கூட்டத்தோடு சேரும் நாள்வரை பொறுக்கச் சொன்னாள்.

நவம்பரில், மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கு விடும் நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை, பூங்கா நிறைந்திருந்தது. நியாவைத் திரும்பவும் விட்டு ஐந்து நாள். எடை நூற்று எட்டு. காலையில் லொறியில் ஒரு காளைக் கன்று வந்தது, நூற்றைம்பது கிலோ இருக்கும். சிவனேஸ்வரி அதன் மேல் கத்தி வைக்கவில்லை. பன்னிரண்டரைக்கு, சிங்கங்கள் உள்கூட்டில் இருக்கும்போது, மோனிகா சிங்க வெளியின் கதவைத் திறந்தாள். சிவனேஸ்வரி சிறிய டிரக்டரில் கன்றை இழுத்துக்கொண்டு போய்க் கம்பிக்குக் கீழே நடு வெளியில் போட்டார். தோல், குளம்பு, வால் எல்லாவற்றோடும்.

ஒரு மணிக்கு சிங்கங்களை விட்டார்கள். ஒன்றும் ஓடவில்லை. முதலில் தெம்பி வந்தது. கன்றைச் சுற்றி மணந்து பார்த்தது. விலாவோரம் படுத்து, முன்பற்களால் தோலைக் கவ்வி இழுத்தது. தோல் கிழியும் சத்தம் வேலி வரை கேட்டது. வயிறு திறந்தது. ஜாபு வந்து தொடையைப் பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டும் நெஞ்சுப் பக்கம் நுழைந்தன. உறுமல் நிற்கவேயில்லை. நியா பத்தடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து, இருந்த ஒரு கண்ணால் பார்த்தது. இரண்டு தரம் கிட்ட வந்து திரும்பியது. மூன்றாம் தரம் கழுத்துப் பக்கம் வந்து தலையை நுழைத்தது. தெம்பி பல்லைக் காட்டியது. ஆனால் வாயில் இருந்ததை விட்டு எழும்பவில்லை. நியா தின்னத் தொடங்கியது.

சில பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டுச் சத்தம் போட்டார். மைக் பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மைக்கை அணைத்துவிட்டான். நின்றவர்கள் நின்றார்கள். நாற்பது நிமிடம் நின்றார்கள். இரத்தக் கறை பட்ட றப்பர் அங்கியோடு வேலியோரம் நின்ற சிவனேஸ்வரியிடம் ஒரு பெண், ஏன் கால் பக்கம் தொடங்காமல் வயிற்றில் தொடங்கின என்று கேட்டாள். அவர் சொன்னார். இன்னொருவர் கேட்டார். அதற்கும் சொன்னார். கடைசியாக ஒரு கிழவர், அந்தச் சின்னச் சிங்கத்தின் கண்ணுக்கு என்ன என்று கேட்டார். அதையும், ஒரு சொல்லை மறைக்காமல் சொன்னார்.

கிரெக் அவரை அறைக்குக் கூப்பிட்டபோது முகம் சிவந்திருந்தது. குடும்பங்கள் பார்க்க வரும் இடத்தில் இப்படிச் செய்ய யார் உரிமை தந்தது என்று கேட்டான்.

"இயற்கை எண்டு நீங்கள்தானே மைக்கில சொன்னது," என்று முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் விற்றது இயற்கை இல்லை. நான் காட்டினது கொஞ்சம் கிட்ட. இனி துண்டு வேண்டுமென்றால் நீங்களே வந்து வெட்டுங்கள். கத்தி மேசையில் இருக்கிறது."

இரண்டு வாரம் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். எழுத்தில் எச்சரிக்கை வந்தது. மோனிகாவுக்கும் ஒன்று. ஆனால் அன்று நின்றவர்களில் சிலர் எடுத்த வீடியோக்கள் பரவின. கண்ணின் கதையும் கூடவே பரவியது. வைத்தியர் தன்னுடைய பழைய கடிதங்களை எல்லாம் சேர்த்து உரிமம் கொடுக்கும் இடத்துக்கு அனுப்பினார். பரிசோதகர்கள் வந்தார்கள், பலகையைப் படம் எடுத்தார்கள், கம்பியை இறக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக் கன்று திரும்பி வந்தது. சிவனேஸ்வரியும் வேலைக்குத் திரும்பி வந்தார். நியா இப்போது நூற்றுப் பத்தொன்பது கிலோ.

கிரெக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கொம்பனியின் இன்னொரு பூங்காவுக்கு இதைவிடப் பெரிய பதவியில் போனான். அதைக் கேட்ட அன்று சிவனேஸ்வரி ஒரு குதிரைத் தொடையை எட்டு வெட்டில் பிரிக்க வேண்டியதை நாலு வெட்டில் பிரித்தாராம். மோனிகா சொன்னது.

இந்த வருடத் தொடக்கத்தில் பூங்கா வாசலில் பெரிய பதாகை ஒன்று வைத்தார்கள். 'இயற்கை முறையில் உணவூட்டுவதில் நாங்கள் முன்னோடி' என்று எழுதி, கீழே நியாவின் படம். வலது பக்கம் மட்டும் தெரியும்படி எடுத்த படம்.

சிவனேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு நேரே மோனிகாவிடம் போய், இடது பக்கம் தெரியும் படம் ஒன்று கேட்டார். தையல் போட்டு மூடிய கண்ணோடு நியா நேராகப் பார்க்கும் படம். வினுஷாவிடம் கொடுத்து அச்சடித்துக்கொண்டு வந்து, பதாகையின் மேலேயே ஒட்டினார். அடுத்த நாள் காலையில் அது இருக்கவில்லை. அவர் இன்னொன்று ஒட்டினார். அதையும் கிழித்தார்கள்.

இதுவரை ஏழு ஒட்டிவிட்டார். ஒட்டுவது யாரென்று எல்லாருக்கும் தெரியும். கேட்கத்தான் ஒருவரும் வரவில்லை. வந்தால் நல்லது என்கிறார். அவரிடம் இன்னும் சொல்ல மிச்சம் இருக்கிறது.